பழைய இரும்புக்கடையில் ஒரு போலீஸ் பெட்டி

23 நவம்பர் 2024, சனி

1963இல் இதே நவம்பர் 23. அன்றும் சனிக்கிழமைதான். மாலை ஐந்தேகாலுக்கு பிபிசியில் ‘டாக்டர் ஹூ’ முதல் எபிசோட் வந்தது. ‘டாக்டர்’ என்று மட்டும் அழைக்கப்படும் ஒருவர் காலம் விட்டுக் காலம் பயணிக்கும் தொலைக்காட்சித் தொடர். முந்தின நாள்தான் கென்னடி சுடப்பட்டிருந்தார். உலகமே அந்தச் செய்தியில் இருந்ததால், அடுத்த சனிக்கிழமை இரண்டாம் எபிசோடுக்கு முன்னால் முதல் எபிசோடை இன்னொரு தடவை போட்டார்கள்.

நானும் இன்று சரியாக ஐந்தேகாலுக்கு டிவிடியைப் போட்டேன். மகளும் வந்து உட்கார்ந்தாள். பன்னிரண்டு வயது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பின்னாளில் அந்த வேடத்தில் நடித்த புது டாக்டர்கள்தான்.

பனிமூட்டம், டார்ச் அடித்துப் பார்க்கும் போலீஸ்காரர், பழைய இரும்புக்கடை முற்றம், அதற்குள் முனகிக்கொண்டு நிற்கும் ஒரு போலீஸ் பெட்டி, அதாவது போலீஸைக் கூப்பிடத் தெருவில் வைத்திருந்த தொலைபேசிக் கூண்டு. அப்புறம் பள்ளிக்கூடம். பார்பரா வரலாற்று ஆசிரியை, இயன் அறிவியல் ஆசிரியர். சூசன் என்ற மாணவி அவர்களுக்குப் புரியாத புதிராக இருக்கிறாள். இங்கிலாந்தில் தசம நாணயம் இருப்பதாக நினைத்துப் பதில் சொல்லிவிட்டு, ‘இன்னும் வரவில்லை அல்லவா’ என்று விழிக்கிறாள். அங்கே அது வந்தது 1971இல். நம் நாட்டில் 1957லேயே நயா பைசா வந்துவிட்டதை மகளிடம் சொன்னேன்.

சூசனின் தாத்தாவான டாக்டர் பாதிக்கு மேல்தான் வருகிறார். நடித்தவர் வில்லியம் ஹார்ட்னெல், வயது 55. அந்தப் பெட்டிதான் அவருடைய காலக்கப்பல். ஆசிரியர்கள் இருவரும் பெட்டிக்குள் நுழைந்துவிட்டார்கள், வெளியே விட்டால் ஊருக்குச் சொல்லிவிடுவார்கள் என்று விசையைத் தட்டி அவர்களையும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். கடத்தல்தான் இது, வேறு பெயர் கிடையாது.

“அப்பா, இவர் கெட்டவரா?” என்று கேட்டாள். முழுசாகப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

24 நவம்பர், ஞாயிறு

அதே டிவிடியில் முதல் எபிசோடின் முதல் வடிவமும் இருக்கிறது. செப்டம்பர் 27இல் ஒருமுறை படம்பிடித்தார்கள். பிபிசியின் நாடகப் பிரிவுத் தலைவர் சிட்னி நியூமனுக்குப் பிடிக்கவில்லை. அக்டோபர் 18இல் திரும்ப எடுத்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். முதல் வடிவத்தில் டாக்டர் இன்னும் கடுகடுப்பானவர், ஆசிரியர்களை அவமதித்துக்கொண்டே இருக்கிறார். இரண்டாவதில் அந்தக் கடுமைக்கு நடுவே ஒரு குறும்பு எட்டிப் பார்க்கிறது. அந்தச் சின்ன மாற்றம் இல்லாவிட்டால் இத்தனை வருடம் யார் இவரைத் தேடி வந்திருப்பார்கள்?

இயக்குநர் வாரிஸ் ஹுசைன். லக்னோவில் பிறந்தவர், அப்போது 24 வயது. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு 27. பெண் தயாரிப்பாளரே இல்லாத நாடகப் பிரிவில் ஓர் இளம்பெண்ணும், லக்னோவிலிருந்து வந்த ஓர் இளைஞரும். லைம் குரோவ் என்ற இடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது நெருக்கடியான, வெக்கை பிடித்த ஸ்டுடியோ. அந்தக் குறுகிய இடத்தில் இருந்துகொண்டு, உள்ளே போனால் விரிந்துகொண்டே போகும் ஒரு பெட்டியைக் காட்டியிருக்கிறார்கள். நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது.

27 நவம்பர், புதன்

அலுவலகத்தில் வேலை நெட்டி முறித்துவிட்டது. இரவில் தொடக்க இசையை மட்டும் மூன்று முறை கேட்டேன். ரான் கிரெய்னர் எழுதிய மெட்டு. அதை ஒலியாக்கியவர் டெலியா டெர்பிஷைர். சின்தசைசர் எல்லாம் கடைக்கு வராத காலம். கம்பியை மீட்டிய ஓசையையும் ஆஸிலேட்டர் என்ற மின்கருவியின் ஓசையையும் நாடாவில் பிடித்து, வேகத்தை மாற்றி, ஒவ்வொரு சுரத்தையும் அளந்து வெட்டி ஒட்டினார். டார்டிஸ் (அந்தப் பெட்டியின் பெயர்) கிளம்பும் ஓசை பிரையன் ஹாட்ஜ்சன் செய்தது: வீட்டுச் சாவியைப் பழைய பியானோக் கம்பியில் உரசியிருக்கிறார். டெலியாவின் பெயர் திரையில் வர 2013 வரை ஆனது. அதற்குள் அவர் இறந்து பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. எனக்கு இது ஆறவே இல்லை.

30 நவம்பர், சனி

பெட்டி போய் இறங்கும் கற்கால எபிசோடுகள் மூன்றையும் முடித்தோம். நெருப்புக்காகக் குகை மனிதர்கள் அடித்துக்கொள்ளும் கதை, இழுவைதான். ஆனால் நடுவில் ஒரு காட்சி. காட்டில் தப்பி ஓடும்போது, துரத்தி வந்த ஸா என்ற குகை மனிதன், ஒரு விலங்கு தாக்கிக் காயப்பட்டுக் கிடக்கிறான். உதவ வேண்டும் என்று திரும்புகிறவர் பார்பரா. டாக்டர் கூர்மையான கல் ஒன்றைக் கையில் எடுக்கிறார். இயன் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துகிறார். திரும்பிப் போகும் வழியை அவனை வரையச் சொல்லத்தான் எடுத்தேன் என்கிறார் டாக்டர்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

6 டிசம்பர், வெள்ளி

டாலெக் கதை ஏழு எபிசோடு, வாரம் முழுக்க ஓடியது. உலோகக் கூட்டுக்குள் இருந்து தாக்கும் வேற்றுக்கிரக வில்லன்கள்தான் டாலெக்குகள். எழுதியவர் டெர்ரி நேஷன், அந்த உருவத்தை வரைந்தவர் ரேமண்ட் குசிக். முதல் எபிசோடின் முடிவில் டாலெக்கைக் காட்டவே மாட்டார்கள். சுவரோடு ஒட்டிக்கொண்டு பார்பரா அலறுகிறார், நம் பக்கத்திலிருந்து ஒரு கை மட்டும் அவரை நோக்கி நீள்கிறது. 1963 டிசம்பர் 21இல் இதைப் பார்த்த பிள்ளைகள் அடுத்த சனிக்கிழமை வரை எப்படிப் பொறுத்தார்களோ!

கதை நடக்கும் ஸ்காரோ, அணுப்போரில் செத்துப்போன கிரகம். அமெரிக்காவும் சோவியத்தும் அணுப்போரின் விளிம்புக்குப் போன கியூபா நெருக்கடி முடிந்து ஒரு வருடம் கொஞ்சம்தான் ஆகியிருந்தது, அந்தப் பயம் காட்சிக்குக் காட்சி தெரிகிறது. ஆபத்தில் மாட்டியதோ டாக்டரால். நகரத்தைப் பார்க்கும் ஆசையில், கப்பலில் பாதரசம் தீர்ந்துவிட்டது, தேடிப் போயே ஆக வேண்டும் என்று பொய் சொல்லியிருக்கிறார். நால்வரும் கதிரியக்கத்தில் சாகக் கிடந்தார்கள்.

ஓர் இடத்தில் ஹார்ட்னெல் கதிரியக்க ‘மருந்து’ என்பதற்குப் பதில் ‘கையுறை’ என்று சொல்லிவிட்டுச் சமாளிக்கிறார். அப்போது நாடாவை வெட்டி ஒட்டுவது செலவான வேலை, ஒரு மாலைக்குள் நாடகம் போல நேராக நடித்து முடிக்க வேண்டும். அந்தத் தடுமாற்றத்தோடேயே அவர் எனக்குப் பிரியமானவர் ஆகிவிட்டார்.

7 டிசம்பர், சனி

முதலில் அனுமதி கிடைத்தது 13 எபிசோடுகளுக்கு மட்டும். நான்கும் ஏழும் போக மிச்சம் இரண்டு. புது அரங்கத்துக்குப் பணமில்லை, வேறு நடிகர்களும் இல்லை. நால்வரையும் டார்டிஸுக்குள்ளேயே அடைத்து ஒரு கதை எழுதிவிட்டார்கள். இந்த ஆரம்பகாலத்தில் எனக்கு உயிரான கதை இதுதான்.

கப்பலில் என்னவோ கோளாறு. ஆசிரியர்கள்தான் சதி செய்தார்கள் என்கிறார் டாக்டர். பார்பரா அப்போது வெடிக்கிறார். குகையில் இயன் தீ மூட்டியிராவிட்டால் நீங்கள் செத்திருப்பீர்கள், டாலெக்குகளிடம் நாங்கள் பட்டதெல்லாம் உங்களால், நீங்கள் மண்டியிட்டு எங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்கிறார். பார்பராவாக நடித்த ஜாக்குலின் ஹில்லின் குரல் ஏறும் இடத்தில் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். புதிரை அவிழ்ப்பவரும் பார்பராதான். கப்பலே அபாயத்தைக் குறிப்பால் உணர்த்திக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார். கோளாறு என்ன தெரியுமா? ஒரு விசையின் ஸ்பிரிங் சிக்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

கடைசியில் டாக்டர் தயங்கித் தயங்கிப் பார்பராவிடம் வருகிறார். மன்னிப்புக் கேட்பது அவருக்குப் பழக்கமில்லை. வெளியே பனி, கோட்டு மாட்டிக்கொள்ளுங்கள் என்று எடுத்துக் கொடுக்கிறார். கல்லைத் தூக்கிய அதே கை.

நாமெல்லாம் நேசிக்கும் டாக்டர் இங்கேதான் பிறக்கிறார் என்று நம்புகிறேன். இரண்டு பள்ளி ஆசிரியர்கள் அவரை வளர்த்தெடுத்தார்கள். இயனாக நடித்த வில்லியம் ரஸ்ஸல் இந்த ஜூனில்தான் 99 வயதில் போனார். நன்றி, சார்.

8 டிசம்பர், ஞாயிறு

அடுத்தது மார்கோ போலோ. ஏழு எபிசோடு, ஒன்றுகூட இல்லை. பிபிசி நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது, வெளிநாடுகளுக்கு அனுப்பிய ஃபிலிம் பிரதிகளால்தான் பல கதைகள் பிழைத்தன. 2013இல் நைஜீரியாவில் ஒன்பது எபிசோடுகள் கிடைத்ததாக அறிவித்தபோது நான் இரவெல்லாம் தூங்கவில்லை. மார்கோ போலோ அதில் இல்லை. அந்தக் காலத்தில் ரசிகர்கள் டிவி முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பிடித்த ஒலியும், நிழற்படங்களும்தான் மிச்சம்.

விளக்கை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் போட்டோம். பனிமலையில் டார்டிஸ் பழுதாகி நிற்கிறது. அதைக் குப்ளாய் கானுக்குப் பரிசாகக் கொடுக்கப் போவதாக மார்கோ போலோ சொல்கிறார். ஹார்ட்னெல் சிரிக்க ஆரம்பிக்கிறார். அடக்க முடியாமல், மூச்சு வாங்க, விழுந்து விழுந்து சிரிக்கிறார். முகம் இல்லை, சிரிப்பு மட்டும் இருட்டில்.

“அப்பா, அந்த இடத்தை இன்னொரு தடவை போடுங்களேன்” என்றாள். போட்டேன்.