மூன்று சுழி ண-வும் ஹெர்குலிஸ் கார்டும்

கம்ப்யூட்டர் திரையில் எழுத்தையும் படத்தையும் காட்டுகிற கிராபிக்ஸ் கார்டு என்றாலே பையன்களுக்கு கேம்ஸ் ஞாபகம்தான் வருகிறது. பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் தமிழிலும் மலையாளத்திலும் கல்யாணப் பத்திரிகை டைப் செய்து பிழைக்கும் எனக்கு அது முதலில் எழுத்து சம்பந்தப்பட்ட விஷயம்.

1981-ல் ஐபிஎம் பிசி வந்தபோது அதற்கு இரண்டு கார்டுகள் இருந்தன. எம்டிஏ கார்டில் எழுத்து கூர்மையாகத் தெரியும். ஆனால் அதன் சிப்பில் பதித்து வைத்த 256 உருவங்களைத் தாண்டி எதுவும் திரைக்கு வராது. அந்த 256-ல் நம் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. சிஜிஏ-வில் படம் வரையலாம், நான்கு நிறம் வேண்டுமென்றால் 320-க்கு 200 புள்ளிதான். கொம்பும் சுழியுமாக ஒரு பத்தி எழுத அது போதாது.

இதற்கு வழி கண்டவர் வான் சுவன்னுகுல் என்ற தாய்லாந்துக்காரர். தன் ஆய்வேட்டைத் தாய்லாந்து எழுத்தில் எழுத வேண்டும் என்பதற்காக அவர் உருவாக்கியதுதான் 1982-ல் வந்த ஹெர்குலிஸ் கார்டு. எம்டிஏ-வுக்கு ஐபிஎம் கொடுத்த அதே ஒரு நிற மானிட்டரில் 720-க்கு 348 புள்ளி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஏற்றலாம், அணைக்கலாம். மொத்தம் இரண்டரை லட்சம் புள்ளி. புள்ளிக்கு ஒரு பிட் என்றால் ஒரு திரை 32 கேபி மெமரிக்குள் அடங்கிவிடும். தாய்லாந்து எழுத்திலும் நம்முடையதைப் போல மேலும் கீழும் குறிகள் உண்டு. தன் மொழிக்காக ஒருவர் செய்த கார்டு உலகம் முழுக்க விற்றது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

பிறகு ஐபிஎம்மிடமிருந்தே 1984-ல் இஜிஏ, 1987-ல் விஜிஏ வந்தன. 640-க்கு 480, 16 நிறம் என்று விஜிஏ-வைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமானது வேறு: இந்த இரண்டிலும் எழுத்துருவங்களை நாமே ஏற்றிக்கொள்ளலாம். ஆனாலும் விஜிஏ-வின் எழுத்து முறையில் ஓர் எழுத்துக்குக் கிடைப்பது 8 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம். அதற்குள் மூன்று சுழி ண-வை அடைத்தால் இரண்டு சுழி ன-வோடு குழம்பும். மலையாளக் கூட்டெழுத்துகள் இன்னும் பெரும்பாடு. புள்ளி புள்ளியாக வரைகிற கிராபிக்ஸ் முறைதான் நம் இரண்டு மொழிக்கும் சரி.

அப்புறம் கார்டையும் மானிட்டரையும் இணைக்க டிவிஐ, எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் எல்லாம் வந்தன. அவற்றால் என் எழுத்துக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. பழைய மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: விஜிஏ இணைப்பில் வருவது அனலாக் சிக்னல், எச்டிஎம்ஐ-யில் டிஜிட்டல். வெறும் ஒயர் மாற்றித் தரும் கேபிள் வேலை செய்யாது, உள்ளே சிப் இருக்கும் கன்வெர்ட்டராகப் பார்த்து வாங்குங்கள்.

சித்தூர், பொள்ளாச்சி பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது ஹெர்குலிஸ் கார்டு கிடந்தால் இரும்புக்கடைக்குப் போடாதீர்கள். நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.