ரொபியும் மார்மைற்றும்

எங்கள் வீட்டுக் குசினி அலுமாரியில் எப்போதும் இரண்டு சாமான்கள் இருக்கும். ஒன்று மஞ்சள் மூடி போட்ட மார்மைற் போத்தல், மற்றது அம்மா ஒளித்து வைக்கும் டெல்ரா ரொபி, சில வேளை கண்டோஸ் சொக்லேட். இரண்டுக்கும் பின்னால் ஒவ்வொரு குடும்பக் கதை உண்டு. ரொபிக் கதையைக் கொஞ்சப் பேர் அறிவார்கள், மார்மைற் கதையை எங்கள் ஆட்களே மறந்துவிட்டார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

ரொபிக்காரர் உபாலி விஜேவர்தன. 1938இல் பிறந்தவர், டெல்ரா ரொபியோடு தொழிலைத் தொடங்கி, பிறகு கண்டோஸ், ரேடியோ, தொலைக்காட்சி, கார் பொருத்துவது, பத்திரிகை என்று வளர்ந்தவர். ஆனால் அவரை ஏழ்மையில் இருந்து எழுந்தவர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் ஊர் முறையில் சொந்தம் பார்த்தால் விசயம் விளங்கும். பிறகு சனாதிபதியான ஜே.ஆர். ஜெயவர்தனவின் தாயும் உபாலியின் தகப்பனும் கூடப்பிறந்தவர்கள், ஆகவே ஜே.ஆர். அவருக்கு மச்சான். லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தை நிறுவிய டி.ஆர். விஜேவர்தன தகப்பனின் சகோதரர். அந்த டி.ஆரின் மகள்தான் ரணில் விக்கிரமசிங்கவின் தாய், ஆகவே ரணிலுக்கு உபாலி மாமன் முறை. இத்தோடு முடிந்ததா என்றால் இல்லை, உபாலி கட்டிய லக்மினி ரத்வத்த, எதிர்க்கட்சிப் பக்கத்துப் பிரதமராக இருந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அண்ணன் தம்பிமாரில் ஒருவருடைய மகள், சிறிமாவோவின் மகள் சந்திரிகாவுக்கு மச்சாள். மேடையில் ஒருவரை ஒருவர் கிழித்த இரண்டு கட்சித் தலைமைகளும் ஒரு கலியாண வீட்டில் ஒரே பந்தியில் உட்காரக்கூடிய சொந்தம்! மச்சான் ஆட்சிக்கு வந்த பிறகு 1978இல் சுதந்திர வர்த்தக வலயங்களைப் பார்க்கும் கொழும்புப் பெரும்பாகப் பொருளாதார ஆணைக்குழு அமைந்தபோது அதன் தலைமைப் பொறுப்பும் இவருக்கே போனது. திறமை இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தத் திறமைக்குக் கதவு திறந்து விட இத்தனை கைகள் இருந்தன.

1983 பெப்ரவரி 13, கோலாலம்பூரில் இருந்து கொழும்புக்குப் புறப்பட்ட அவருடைய லியர்ஜெட் மலாக்கா நீரிணைப் பக்கம் காணாமல் போனது, ஆளும் கிடைக்கவில்லை. அதற்கு ஐந்து மாதம் கழித்து தமிழர்களை அடித்த யூலைக் கலவரம் வந்தது, அதன்பிறகு எங்களுக்குப் பேச வேறு கதைகள் இருந்தன.

சரி, மார்மைற்றுக்கு வருகிறேன். இங்கிலாந்தின் பேர்ட்டன் என்ற ஊரில் 1902இல் தொடங்கிய சாமான் இது, பக்கத்துப் பியர் ஆலைகளில் மிஞ்சும் ஈஸ்ட்தான் மூலப்பொருள். எங்கள் வீட்டில் காய்ச்சல் என்றால் ஒரு கரண்டி மார்மைற்றைச் சுடுதண்ணியில் கரைத்து, சின்ன வெங்காயம் அரிந்து போட்டு, தேசிக்காய் பிழிந்து தருவார்கள். மேலே வெங்காயம் மிதக்கும், உப்புக் கரிக்கும், குடித்தால் உடம்பு வியர்க்கும். அது மருந்தா சாப்பாடா என்று அம்மம்மாவுக்கே தெரியாது.

அது இலங்கையில் உண்மையிலேயே மருந்தாக இருந்திருக்கிறது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் பல்லாயிரம் பேர் செத்தார்கள், கேகாலைப் பக்கத்துக் கிராமங்களில் நிலைமை மிக மோசம். நிவாரணத்துக்குப் போன, சூரியமல் இயக்கம் என்ற இடதுசாரி இயக்கத்து இளைஞர்கள், என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன போன்றவர்கள், நோயோடு பட்டினியும் சேர்ந்துதான் சனத்தைக் கொல்கிறது என்று கண்டார்கள். மலேரியா மருந்தான குயினைனோடு மார்மைற்றையும் குளிசை போல உருட்டிக் கொடுத்தார்கள். அந்த வேலையில் கூட நின்ற ஒரு டொக்டர் அம்மாவின் பெயர் மேரி ரட்ணம்.

பெயரில் இருக்கிற ரட்ணம் எங்கள் ஊர்ப் பெயர். கனடாவில் 1873இல் மேரி இர்வினாகப் பிறந்தவர், மருத்துவம் படித்து, அமெரிக்க மிஷன் வேலைக்காக 1896இல் இங்கே வந்தவர். வரும் வழியிலேயே யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவரான சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரட்ணத்தை விரும்பிக் கலியாணம் செய்துகொண்டார். வெள்ளைக்காரி தமிழனைக் கட்டியது மிஷனுக்குப் பிடிக்கவில்லை. இதை வாசித்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. சனத்துக்குச் சேவை செய்யத்தான் கூட்டி வந்தீர்கள், அதே சனத்தில் ஒருவனைக் கட்டினால் ஆகாதா? அப்புறம் அவர் கொழும்புக்குப் போய்ப் பெண்களுக்கு மருத்துவம் பார்த்தார், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடினார், 1930களின் தொடக்கத்தில் இருந்து லங்கா மகிளா சமிதி என்று கிராமத்துப் பெண்களைச் சேர்த்தார். 1937இல் கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவான முதல் பெண்ணும் அவர்தான், சட்ட நுணுக்கம் ஒன்றைக் காட்டி அந்த ஆசனத்தைப் பறித்தார்கள். 1958இல் பிலிப்பைன்சில் கொடுக்கும் மக்சேசே விருது கிடைத்தபோது வயது எண்பத்தைந்து.

எங்கள் ஊர் மருமகள் அவர். ஆனால் ரொபிக்காரரின் விமானக் கதையைச் சொல்ல எங்கள் தெருவிலேயே நாலு பேர் வருவார்கள், மேரி ரட்ணம் யார் என்று கேட்டால் முழிப்பார்கள். என் பிள்ளைகளும் அப்படித்தான், விமானம் எங்கே விழுந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். நான் அதைச் சொல்லிவிட்டு, மார்மைற் கரைக்கும் நாட்களில் மேரி ரட்ணத்தின் கதையையும் சொல்லித்தான் கோப்பையைக் கையில் கொடுக்கிறேன்.