அரிவாளா, அறிவாளா?

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள். அதில் 100 தமிழ், அதற்கு 150 மதிப்பெண். அந்த 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் ஒரு சொல்லைக்கூட அலட்சியமாக விடாதீர்கள்.

வேலூரில் பயிற்சி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு மாதிரித் தேர்வில் பிழையற்ற சொல்லைக் கேட்டிருந்தார்கள்: அருவாள், அறுவாள், அரிவாள், அறிவாள். அணைக்கட்டுப் பக்கத்தில் கதிர் அறுப்பு பார்த்தே வளர்ந்தவன் நான். அறுப்புக்கு வல்லின ற, அதனால் அறுவாள் என்று குறித்தேன். தவறு. விடை அரிவாள்.

அன்று சாயங்காலம் அம்மா கீரை நறுக்கிக்கொண்டிருந்தார். அரிவதும் அறுப்பதும் ஒன்றுதானே என்று கேட்டேன். "இன்னாடா ரெண்டும் ஒண்ணுன்ற? காயை அரிவோம், கதிரை அறுப்போம்" என்றார். எனக்குப் பிடி கிடைத்தது அங்கேதான். இரண்டும் தனித்தனி வினைகள். கருவியின் பெயர் பிறந்தது 'அரி' என்பதிலிருந்து. அரிந்த வாள், அரிகின்ற வாள், அரியும் வாள் என்று மூன்று காலத்துக்கும் விரிவதால் இது வினைத்தொகை. பழைய காலத்தில் கதிரையும் அரிந்துதான் இருக்கிறார்கள். சங்கப் பாடல்களில் நெல் அறுப்பவர்களுக்குப் பெயர் அரிநர். 'அறிவாள்' என்று எழுதினால் அவள் தெரிந்துகொள்வாள் என்று பொருளே மாறிவிடும்.

அப்புறம், 'அருவா' என்பதைக் கொச்சை என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. அடுத்து வரும் வகரத்துக்கு உதடு தயாராகும்போது இகரம் உகரமாகிறது, அவ்வளவுதான். பேசும்போது அப்படியே பேசுங்கள், விடைத்தாளில் மட்டும் அரிவாள்.

அன்றிலிருந்து ஐயம் வரும் சொல்லையெல்லாம் வினையாக்கி, வீட்டில் யாராவது சொல்வதுபோல ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்ப்பேன். வினை இல்லாத இடத்தில் பொருளைத் தொட்டுப் பார்ப்பேன். அரிவாள்மணையா, அரிவாள்மனையா? மனை வீடு. அம்மா காலை ஊன்றி உட்கார்ந்திருந்தது பலகையில், அது மணை. புல் அறுக்கும் கருக்கரிவாளில் இருப்பது கருக்கு. பனைமட்டை ஓரத்தில் கையைக் கிழிக்குமே, அதே பல்வரிசை. கருக்கு + அரிவாள் என்று பிரித்தெழுதச் சொன்னால் இனி யோசிக்க வேண்டியதில்லை.