மாற்றுக் கருத்து உண்டா?

"அப்ப இதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானா மேடம்?" அந்த மாணவர் சாட்டில் எனக்கு மட்டும் அனுப்பிய வரி இது. அதற்கு முன் நான் அவருக்குச் சொன்ன பதில் சரிதான் என்று ஒரு நாள் தோன்றுகிறது, மறுநாள் தோன்றவில்லை.

அன்று நடத்தியது சேலஞ்சர் விண்கல விபத்து. தலைமைப் பண்பு பாடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த கேஸ், ஆன்லைன் எம்பிஏ வகுப்புக்கு இன்னும் பொருந்தும், ஏனென்றால் அந்த முடிவே ஒரு டெலிகான்ஃபரன்ஸில் எடுத்ததுதான். 1986 ஜனவரி 27 இரவு, அமெரிக்காவின் யூட்டா, அலபாமா, ஃபுளோரிடா மூன்று இடத்திலிருந்தும் பேசுகிறார்கள். விண்கலத்தை மேலே தள்ளும் ராக்கெட் பூஸ்டரைச் செய்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள், குளிரில் பூஸ்டரின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் இறுகிப்போகும், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்கிறார்கள். நாசா அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. ஐந்து நிமிடம் கொடுங்கள் என்று லைனை மியூட் செய்துவிட்டு உள்ளுக்குள் பேசிய தயோக்கால்காரர்கள், அரை மணி நேரம் கழித்து ஏவலாம் என்று திரும்பி வருகிறார்கள். யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா என்று நாசா தரப்பில் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலை ஏவிய 73 வினாடியில் விண்கலம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள்.

இந்த இடத்தில் நிறுத்தி, அந்த லைனில் நீங்கள் இருந்திருந்தால் என்று கேட்பேன். பேசியிருப்பேன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அன்று ஒரு தொழிற்சாலை மேலாளர் மைக்கை ஆன் செய்து, மேலே இருப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பார்க்காமல் உண்மையைச் சொல்பவன்தான் லீடர் என்று நன்றாகவே பேசினார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இந்த மெசேஜ் வந்தது: "மேடம், இவர்தான் என் மேனேஜர். எங்க லைன்ல ஒரு டெஸ்ட்டைப் பண்ணாமலே பண்ணினதா எழுதச் சொல்றார். இங்க சொல்லலாமா?"

"இங்கே வேண்டாம்" என்று டைப் செய்தேன். அதற்குத்தான் அந்தப் பரீட்சைக் கேள்வி வந்தது.

ஏன் வேண்டாம் என்றேன் என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. வகுப்பு ரெக்கார்ட் ஆகிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் ஃபீஸ் கட்டுவது ஒரே கம்பெனி. காலேஜ் வகுப்பாக இருந்தால் வெளியே கூட்டிக்கொண்டு போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லியிருப்பேன், இங்கே எனக்கு இருந்தது மேலாளர் பேசி முடிக்கும் வரைக்குமான நேரம். வேலை போனால் நானா கொடுக்கப் போகிறேன்?

ஆனால், மாற்றுக் கருத்து உண்டா என்று கேட்டது நான்தானே. ஒருவருக்கு நிஜமாகவே இருந்தது, அவரைத்தான் பேசாதே என்றேன்.

பேசினவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதை நான் நடத்தும் விதமும் உறுத்துகிறது. அன்று இரவு ஏவ வேண்டாம் என்று வாதாடிய தயோக்கால் பொறியாளர் ரோஜர் பாய்ஸ்ஜோலிக்கு 1988இல் விருது கிடைத்ததைக் கடைசி ஸ்லைடில் காட்டுவேன். கூட வேலை செய்தவர்களே அவரை ஒதுக்கியதையும், அவரால் அந்த நிறுவனத்தில் தொடர முடியாமல் போனதையும் ஒரு வரியில் கடந்துவிடுவேன். ஏவலாம் என்ற ஒப்புதலில் கையெழுத்துப் போட மறுத்த தயோக்கால் அதிகாரி ஆலன் மெக்டொனால்டை விசாரணையில் சாட்சி சொன்ன பிறகு பொறுப்பிலிருந்து இறக்கினார்கள், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தலையிட்ட பிறகுதான் பூஸ்டரைத் திருத்தி வடிவமைக்கும் வேலை அவர் கைக்கு வந்தது. நம் ஆளுக்கு எந்த காங்கிரஸ் வரும்? அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று மனம் திரும்பவும் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது.

அவரை அப்படியே விட்டுவிடவும் இல்லை. அன்று இரவே போன் செய்தேன். தேதி, பேட்ச் நம்பர், யார் சொன்னது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள், 2013 கம்பெனிகள் சட்டத்தின் 177ஆம் பிரிவுப்படி பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களில் ஊழியர்கள் முறைகேட்டைத் தெரிவிக்க ஒரு வழி இருந்தாக வேண்டும், உங்கள் கம்பெனியில் அது யாரிடம் போகிறது என்று பாருங்கள் என்றேன். "பார்க்கிறேன் மேடம்" என்றார். அப்புறம் அதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நல்ல மார்க்கில் பாஸ் செய்தார். மேலாளருக்கும் வகுப்பில் பங்கேற்றதற்கான மார்க்கை நிறையவே போட்டேன், மார்க் போடுவதற்கான அளவுகோலான ரூப்ரிக்கை வைத்துப் பார்த்தால் அவர் பேச்சில் குறைக்க ஒன்றும் இல்லை. அவரைப் பற்றி அந்த மாணவர் சொல்லி நான் கேள்விப்பட்டிருந்தாலும், அதை வைத்து மார்க்கைக் குறைக்க முடியுமா?

பெயர் தெரியாமல் பதில் போடும் ஆன்லைன் வாக்கெடுப்பு ஒன்றை வைத்துவிடுங்கள் என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். வைத்துப் பார்த்தேன். தெரிந்தும் பேசாமல் இருந்ததுண்டா என்ற கேள்விக்குப் பாதிக்கு மேல் 'ஆம்' வந்தது. வகுப்பில் அதற்கு முன் வராத நேர்மை அதில் வந்தது, ஆனால் பெயரை மறைத்துக்கொண்டு சொல்லப் பழக்குவதைத் தலைமைப் பயிற்சி என்று என்னால் முழு மனதோடு சொல்ல முடியவில்லை. அவர் அதையும் பயிற்சிதான் என்கிறார்.

இந்த செமஸ்டரிலும் சேலஞ்சர் வருகிறது. அந்த ஒரு வகுப்பை மட்டும் ரெக்கார்ட் செய்யாமல் நடத்த அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். கிடைத்தால், நைட் ஷிஃப்ட் முடித்து மறுநாள் ரெக்கார்டிங்கைப் பார்த்துப் படிப்பவர்களுக்கு அந்த வகுப்பு இல்லாமல் போகும். அந்த மாணவரும் முக்கால்வாசி வகுப்புகளை அப்படித்தான் படித்தார்.