முழங்காலை விடப் பழகுதல்

நுவரெலியாவில் கிறகரி வாவிக் கரையோரம் சவாரிக்கு நிற்கும் மட்டக்குதிரைகளைச் சிறுவயது முதலே பார்த்து வந்தவள் நான். ஆயினும் ஒன்றின் முதுகில் ஏறி அமர நாற்பது வயதாகிவிட்டது. எங்கள் பூட்டனார் தோட்டத்துத் துரையிடம் குதிரைக்காரராக இருந்தார் என்று வீட்டில் சொல்வார்கள்; துரை ஏறிப் போக, இவர் பின்னால் ஓடுவாராம். 1875ஆம் ஆண்டிலேயே பந்தயத் திடல் அமைந்துவிட்ட ஊரில், எங்கள் குடும்பத்திலிருந்து சேணத்தில் அமர்ந்த முதல் ஆள் நான்தான்.

முதல் மாதம் முழுவதும் ஒரே தவறைத்தான் செய்தேன். விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் இரு முழங்கால்களாலும் சேணத்தை இறுகக் கவ்விக்கொண்டேன். கால் பலம் என்பது அந்தப் பிடிதான் என்று எண்ணியிருந்தேன். ஆனால் முழங்கால் இறுகினால் கீழ்க்கால் பின்னால் விலகிக் குதிகால் மேலெழ, உடல் முன்னால் சாய்ந்துவிடுகிறது. ஈரச் சவர்க்காரத்தை இறுக்கிப் பிடித்தால் அது கையிலிருந்து துள்ளி எழும்புமல்லவா, ஏறத்தாழ அதே கதைதான். மழை ஓய்ந்த ஒரு காலையில் குதிரை சற்றே பக்கவாட்டில் விலக, நான் ஈரப் புல்லில் கிடந்தேன். தலைக்கவசம் அணிந்திருந்ததால் இடுப்பில் இரத்தம் கன்றியதோடு தப்பினேன். “தங்கச்சி, முழங்கால விடுங்க. பாரத்தக் குதிங்காலுக்கு இறக்குங்க” என்றார் பழக்குபவர்.

சொல்வது எளிது. காது, தோள், இடுப்பு, குதிகால் ஆகிய நான்கும் பக்கவாட்டில் பார்ப்பவருக்கு ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கால்விரல்களுக்குப் பின்னுள்ள தடித்த சதை, சேணத்திலிருந்து வாரில் தொங்கும் கால்மிதியான அங்கவடியில் பதிந்திருக்க, குதிகால் அதற்கும் கீழே தாழ வேண்டும். அப்போதுதான் குதிரையின் ஒவ்வொரு அதிர்வையும் கணுக்கால் வாங்கிக்கொள்ளும். என் கெண்டைக்கால் தசையோ நீள மறுத்தது. வலிந்து அழுத்தினால் கணுக்கால் விறைத்துப்போனது.

ஆகவே பயிற்சியை வீட்டு வாசற்படிக்குக் கொண்டுவந்தேன். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகால்களை மெதுவாகத் தொங்கவிடுவேன். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பேன். இவற்றைவிடப் பெரிதும் உதவியது மலைச்சரிவில் மெதுவாக இறங்குவதே. இறங்கும்போது முன்தொடைத் தசை பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. சேணத்தில் வேண்டியதும் அத்தகைய பலமே. கொழுந்து நிறைந்த கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டியபடி அம்மா சரிவில் இறங்கும் விதத்தை இத்தனை காலம் கவனித்ததில்லை. முழங்கால் மெல்ல மடங்கியிருக்கும், இடுப்பு பாதங்களுக்கு நேர் மேலே இருக்கும், பார்வை காலடியில் இல்லாமல் பாதையில் நிற்கும். அவருக்கு இதையெல்லாம் யாரும் வகுப்பெடுக்கவில்லை.

‘ட்ரொட்’ எனும் ஓட்டநடையில்தான் குறை வெளிப்படும். குதிரை மூலைவிட்டமாக அமைந்த இரண்டிரண்டு கால்களைச் சேர்த்து எடுத்து வைப்பதால் இரு தாளமாகத் தூக்கிப் போடும். ஒரு தாளத்துக்கு எழுந்து மறு தாளத்துக்கு அமர வேண்டும். நான் அங்கவடியை உதைத்து எழுந்தவரை சேணத்தில் தொப்பென்றே விழுந்தேன். குதிரையின் முதுகுக்கு அது எவ்வளவு தொல்லை என்பதை அதன் காதுகள் பின்னால் மடங்கியதில் கண்டேன். பின்னர் நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமிடச் செய்து, அங்கவடி இல்லாமல் அமர்த்தினார்கள். முதல் நாள் ஐந்து நிமிடத்தில் உள்தொடை நடுங்கியது. ஆயினும் கவ்வ முடியாத அளவுக்குக் களைத்த பிறகுதான் கால்கள் தாமாகத் தொங்கின. அந்தச் சில சுற்றுகளில் முதன்முறையாகச் சேணத்தின் ஆழத்தில் அமர்ந்தேன்.

வலக்கால் இன்னும் பலவீனம்தான். களைத்தால் உடல் இடப்பக்கம் சரிகிறது. சென்ற ஞாயிறு ஓட்டநடையில் ஓர் அங்கவடி நழுவியது. குனிந்து தேடாமல் இரண்டு சுற்று அப்படியே போய், பின்பு பாதத்தாலேயே துழாவி மாட்டிக்கொண்டேன். பழக்குபவர் ஒன்றும் சொல்லவில்லை. குதிரையை நிறுத்தி, இருபக்க அங்கவடி வாரையும் ஒரு துளை நீளமாக்கிவிட்டுப் போனார்.