பாதி சீசன் முடிந்தது, எங்கள் வாலிபால் பெண்கள் எப்படி ஆடுகிறார்கள்?

எத்தனை ஜெயித்தீர்கள், எத்தனை தோற்றீர்கள் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். இரண்டும் ஏறக்குறைய சமம், பட்டியலில் நடுவில் எங்கோ நிற்கிறோம். ஆனால் இந்தப் பள்ளி அணிக்குப் பயிற்சி கொடுக்கிற எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, எதிரணி சர்வீஸ் போடும்போது எங்கள் பெண்களின் முகத்தில் இப்போது பயம் இல்லை என்பதுதான்.

ஆரம்பத்தில் பந்து இரண்டு பேருக்கு நடுவே வந்தால் போதும், இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டே நிற்பார்கள், பந்து நடுவில் பொத்தென்று விழும். சின்னவர்களுக்கு மேல்வகுப்பு அக்காக்களை முந்திக்கொண்டு போகத் தயக்கம், அக்காக்களோ சின்னவள் எடுப்பாள் என்று விட்டுவிடுவார்கள். இப்போது பந்து நெட்டைத் தாண்டுவதற்குள் "அக்கா விடு, எனக்கு!" என்று குரல் வந்துவிடுகிறது, அக்காவும் விலகி வழிவிடுகிறாள். ரிசீவ் செய்கிற, அதாவது எதிரணி சர்வீஸை வாங்கி எடுக்கிற, ஒவ்வொரு பந்துக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்றுவரை மதிப்பெண் போட்டு வைக்கிறோம். அடிப்பவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டர் நின்ற இடத்துக்கே பந்து போனால் மூன்று, அவள் ஓடிப்போய் ஒரே ஒருத்திக்குத்தான் தூக்கிக் கொடுக்க முடியும் என்றால் ஒன்று, நேராகப் பாயின்டே போய்விட்டால் பூஜ்யம். நோட்டில் பூஜ்யங்கள் நன்றாகக் குறைந்திருக்கின்றன, ஒன்றுகள் இரண்டுகளாகிவிட்டன. மூன்றுகள் இன்னும் அபூர்வம்தான்.

சர்வீஸ் சுமார். 1990களின் கடைசி வரை, கடைசி செட் தவிர மற்ற செட்களில், சர்வீஸ் போடுகிற அணிக்கு மட்டும்தான் பாயின்ட், அதனால் சர்வீஸைத் தவறவிட்டாலும் பாயின்ட் போகாது, சர்வீஸ் மட்டும்தான் கைமாறும். இப்போது நெட்டில் அடித்தால் அந்த நொடியே எதிரணிக்கு ஒரு பாயின்ட். அதற்காக மெதுவாகப் போடச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. மெதுவாகப் போன பந்து ஸ்மாஷாகத்தான் திரும்பி வரும்.

சரி, மனநிலைக்கு வருகிறேன், நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். வாலிபாலில் பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது, பிளாக் (எதிரணி அடியை நெட்டருகே கை உயர்த்தித் தடுப்பது) தவிர ஒருத்தியே அடுத்தடுத்து இரண்டு முறை தொடக்கூடாது, மூன்று தொடுதலுக்குள் பந்து அந்தப் பக்கம் போயாக வேண்டும். எவ்வளவு பெரிய ஆட்டக்காரியாக இருந்தாலும் அடுத்தவள் கொடுக்கிற பந்தைத்தான் அடிக்க முடியும். அதனால் இந்த ஆட்டத்தில் ஒருத்தி முகம் சுளித்தால் அது அடுத்த பந்திலேயே தெரிந்துவிடும்.

போன ஆட்டத்தில் மூன்றாவது செட், 21-23. சின்னவள் ஒருத்தியின் ரிசீவ் பெஞ்ச் பக்கம் பறந்தது, செட்டர் விழுந்தடித்து ஓடி முதுகைக் காட்டியபடியே தூக்கிப் போட்டாள், எங்கள் இடதுபக்க ஸ்பைக்கர் அதை நெட்டில் அடித்தாள். பழைய நாளாக இருந்தால் இடுப்பில் கை வைத்துச் செட்டரை ஒரு முறை முறைத்திருப்பாள். அன்று நெஞ்சில் தட்டிக்கொண்டு, "அது நல்ல பந்துதான், மறுபடி எனக்கே கொடு" என்றாள். செட்டர் அடுத்த பந்தையும் அவளுக்கே கொடுத்தாள், அது கோட்டின் மேல் விழுந்து பாயின்ட் ஆனது. செட்டைக் கடைசியில் தோற்றோம்தான். ஆனாலும் சீசனில் இதுவரை எனக்கு மிகவும் பிடித்த இரண்டு பந்துகள் அவை.

இன்னொருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன வருடம் முன்வரிசையில் அடித்துக்கொண்டிருந்தவளை இந்த வருடம் லிபரோ ஆக்கினோம். வேறு நிறச் சட்டை, பின்வரிசை மட்டும், பிளாக் கிடையாது, நெட்டுக்கு மேலே இருக்கிற பந்தை அடிக்கவும் முடியாது. கொஞ்ச நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. இப்போது கோர்ட்டில் அவள் குரல்தான் முதலில் கேட்கிறது. எதிரணி ஸ்பைக்கரின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து மற்றவர்களுக்குக் கத்திச் சொல்கிறாள், பாதி நேரம் அங்கேதான் பந்தும் வருகிறது.

கவலை இல்லாமல் இல்லை. முதல் செட்டை ஜெயித்துவிட்டால் இரண்டாவதில் கால் நகர மாட்டேன் என்கிறது. ஸ்கோர் மறுபடி பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குகிறது என்பது தலைக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. அப்புறம் ரொட்டேஷன், அதாவது சர்வீஸைத் திரும்ப வாங்கும்போதெல்லாம் எல்லாரும் ஒரு இடம் நகர்ந்து நிற்பது. சிக்கல், செட்டர் பின்வலது மூலையில் நிற்கிற ரொட்டேஷன். அதில் இடதுபக்கம் அடிக்கிறவள் வலதுபக்கம் மாட்டிக்கொள்கிறாள், செட்டரோ பின்னாலிருந்து நெட்டுக்கு ஓடிவர வேண்டும். அந்த ஒரு ரொட்டேஷனிலேயே நாலைந்து பாயின்ட் வரிசையாகப் போய்விடுகிறது. இனிமேல் பயிற்சியை அந்த ரொட்டேஷனிலிருந்துதான் ஆரம்பிப்போம், தொடர்ந்து இரண்டு முறை சர்வீஸைத் திரும்ப வாங்கிய பிறகுதான் அடுத்ததற்குப் போவோம்.

பெஞ்சில் இருப்பவர்களைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். ஒவ்வொரு பாயின்டுக்கும் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள், பயிற்சியில் ஒருநாள்கூடச் சோம்பியதில்லை, ஆட்டத்தில் கால் வைத்ததோ மிகக் குறைவு. அவர்களில் இரண்டு பேருடைய மிதக்கும் சர்வீஸை, சுழலாமல் ஆடி ஆடி வருகிற பந்தை, எங்கள் லிபரோவாலேயே ஒழுங்காக எடுக்க முடியவில்லை. சீசனின் இரண்டாம் பாதியில், செட்டில் ஸ்கோர் 20ஐத் தாண்டிய பிறகு சர்வீஸுக்கு அவர்களை இறக்கிவிடப் போகிறேன், நேற்றே சொல்லியாயிற்று. இன்று பயிற்சி முடிந்து எல்லாரும் கிளம்பியும் இரண்டு பேரும் பந்துக் கூடையை விடவில்லை.