ஒரு கட்டு விறகு

குன்னூர்ப் பக்கம் மார்கழிக் குளிர் இறங்கிவிட்டது. விடியற்காலையில் பள்ளத்துத் தேயிலைச் செடிகளின் மேல் உப்பைத் தூவியதுபோல் உறைபனி. ஞாயிறு பூசை முடிந்ததும், எங்கள் தேவாலயப் பங்கில் ஏழைகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் வின்சென்ட் தே பவுல் சபையிலிருந்து, நானும் ஓர் அக்காவும் பாட்டி ஒருவரின் லைன் வீட்டுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கு, போனோம். எப்போதும் இரண்டு பேராகத்தான் போவோம். சாமான்களைக் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்புவதில்லை. உள்ளே போய் உட்கார வேண்டும்.

பாட்டி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்த குடும்பங்களில் ஒன்று அவருடையது, என் அப்பாவுடையதைப் போலவே. காலியான எரிவாயு சிலிண்டர் ஒரு மூலையில் நிற்க, கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை அடுப்பில் செருகி ஊதிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் இரண்டு டம்ளர்களை முந்தானையால் துடைத்துத் தேத்தண்ணி ஊற்றினார். சீனியை அதில் கலக்கவில்லை. எங்கள் உள்ளங்கையில் ஆளுக்கு ஒரு சிட்டிகை வைத்தார். ஒரு வாய் தேத்தண்ணி, நாக்கு நுனியில் கொஞ்சம் சீனி. என் அம்மாவும் அப்படித்தான் குடிப்பார். வேண்டாம் என்று மறுக்க எனக்கு மனம் வராது. கொடுப்பதற்குத் தன்னிடமும் ஏதோ இருக்கிறது என்ற நிமிர்வு அப்போது பாட்டியின் முகத்தில் தெரியும்.

அந்த அடுப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு பிரெடரிக் ஓசானாம் நினைவுக்கு வருவார். 1833-இல் பாரிஸில் இந்தச் சபையைத் தோழர்களோடு தொடங்கியபோது அவருக்கு வயது 20, கல்லூரி மாணவர். அதற்கு முந்தைய ஆண்டுதான் காலரா அந்நகரத்தைச் சூறையாடியிருந்தது. ஏழைகளுக்காக நீங்கள் இப்போது என்ன செய்கிறீர்கள் என்று சக மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. தங்கள் அறையில் எஞ்சியிருந்த குளிர்கால விறகை அவரும் ஒரு நண்பரும் சுமந்துபோய் ஓர் ஏழையின் வீட்டில் சேர்த்தார்கள் என்று சொல்வார்கள். ஏழைகளின் வீடுகளுக்குள் அந்த இளைஞர்களுக்கு வழிகாட்டியவர் அருட்சகோதரி ரோசலி ராந்து. 1839-இல் பார்வையிழந்த ஒரு மூதாட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, தன் கட்டிலையே கொடுத்த ஜான் ஜுகான் என்ற பெண்மணியும் அந்த நாட்டுக்காரர்தான். தன் விறகு, தன் கட்டில். இந்த இரண்டையும் நினைத்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

பெரிய அமைப்புகளும் வேண்டும், மறுக்கவில்லை. 1897-இல் ஜெர்மனியில் முளைத்த காரித்தாஸ் என்ற கத்தோலிக்க உதவி அமைப்புக்கு இன்று 160-க்கும் மேற்பட்ட உறுப்பு அமைப்புகள் உண்டு. காரித்தாஸ் இந்தியா 1962-இல் தொடங்கியது. புயலும் பூகம்பமும் வந்தால் லாரி லாரியாக அரிசி அனுப்ப அவர்களால்தான் முடியும். ஆனால் கொடுக்கும் முறை என்று ஒன்று இருக்கிறது. எனக்கு ஒன்பது வயதில், ஒரு மைதானத்தில் எங்களை வரிசையில் நிறுத்திக் கம்பளி கொடுத்தார்கள். யார் என்பது இங்கே முக்கியமில்லை. ஒவ்வொருவரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அம்மா கம்பளியை முகம்வரை இழுத்துக்கொண்டார். குளிருக்காக இல்லை என்பது எனக்கு அன்றே தெரிந்தது.

அதே ஆண்டு அப்பா படுத்த படுக்கையானபோது, சபையிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். தரையில் உட்கார்ந்தார்கள். எத்தனையாவது படிக்கிறாய் என்று கேட்ட பெரியவர், அடுத்த வாரம் மறக்காமல் எனக்கு ஒரு கணக்கு நோட்டு கொண்டுவந்தார். அந்த நோட்டின் அட்டை நீலநிறம்.

நேற்று மாலை எங்கள் கூட்டத்தில் வழக்கம்போல் துணிப்பை சுற்றிவந்தது. யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. பாட்டியின் கூரைக்கு ஒரு தகரம், ஒரு கட்டு விறகு என்று முடிவாயிற்று. பிறகு அக்கா தன் குறிப்பேட்டைப் பிரித்து இன்னொன்றையும் வாசித்தார். நாங்கள் எழுந்து கிளம்பும் நேரத்தில் பாட்டி தயங்கித் தயங்கிக் கேட்டது அது: "அரிசி இருக்கிறது மகள். வரும்போது ரேடியோவுக்கு இரண்டு பேட்டரி வாங்கி வருவீர்களா? ராத்திரியில் பேச்சுச் சத்தமே இல்லை."